விலகி வாழ்தலும் மன்னித்தலும்: ஆன் பிரான்ட்டேயின் ஒரு புதினத்தைக் குறித்த இறையியல் நோக்கு

மண வாழ்வு முறிந்துபோன ஒரு பெண்ணுக்குத் திருச்சபை கூறும் அறிவுரை பெரும்பாலும் இரண்டே சொற்களில் அடங்கிவிடுகிறது: பொறுத்துக்கொள், மன்னித்துவிடு. இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். மன்னிக்கிறவள் அதே வீட்டில் அதே கொடுமைக்கு உட்பட்டு வாழ்ந்தாக வேண்டும் என்றும், விலகிச் செல்கிறவள் மன்னிக்க மறுத்தவள் என்றும் அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். இம்முடிவு சரியானதா என்னும் வினாவை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் புதினம் ஒன்று ஆழமாக எழுப்பியுள்ளது. ஆன் பிரான்ட்டே எழுதிய ‘வைல்டுஃபெல் மாளிகையின் குடியிருப்பாளர்’ என்பதே அப்புதினம். இறையியல் மாணவரும் ஆயர்களும் அதனைப் படித்தல் நலம் என்னும் கருத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1. ஆசிரியரும் நூலும்

ஆன் பிரான்ட்டே 1820ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் யார்க்ஷயரில் உள்ள தார்ன்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பேட்ரிக் பிரான்ட்டே ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். ஹாவொர்த் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர். சார்லட், எமிலி ஆகியோர் ஆனின் தமக்கையர். மூவரும் பெல் என்னும் புனைபெயரில் எழுதினர். ஆன் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ஆக்டன் பெல் என்பது.

அவருடைய இரண்டாம் புதினமான இந்நூல் 1848ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. குடிவெறியையும் மணவுறவின் இழிவையும் மூடாமல் காட்டியமையால், பண்பற்ற நூல் என்று திறனாய்வாளர் சிலர் தூற்றினர். ஆயினும் அது விரைவில் விற்றுப்போயிற்று. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஆன் அக்குற்றச்சாட்டிற்கு விடை கூறினார். உண்மையைச் சொல்வதே தம் நோக்கம் என்றும், தீமையை அழகுபடுத்திக் காட்டுவதைவிட உள்ளபடி காட்டுவதே நேர்மை என்றும் அவர் வாதிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் குடியினால் சீரழிந்த அண்ணன் பிரான்வெல் இறந்தார். டிசம்பரில் எமிலி மறைந்தார். 1849ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரில் ஆனும் காசநோயினால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. தங்கை இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்று 1850இல் சார்லட் எழுதினார். இந்நூல் மறுபதிப்புப் பெறுவதையும் அவர் விரும்பவில்லை. மற்ற இருவரின் புகழ் ஓங்கி வளர, ஆனின் இந்நூல் நெடுங்காலம் பின்தங்கியே நின்றது.

2. மீட்பராக முனைந்த மனைவி

கதை 1827ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. பாழடைந்து கிடந்த வைல்டுஃபெல் மாளிகையின் சில அறைகளில் கிரஹாம் அம்மையார் என்னும் இளம்பெண் குடிபுகுகிறாள். அவளுடன் இருப்போர் சிறு மகன் ஆர்தரும் ரேச்சல் என்னும் முதிய பணிப்பெண்ணுமே. தான் கைம்பெண் என்று கூறி ஊராரிடமிருந்து ஒதுங்கி வாழ்கிறாள். அயலிலுள்ள நிலவுடைமையாளனான கில்பர்ட் மார்க்கம் அவளிடம் அன்பு கொள்கிறான். ஊரின் அவதூறு வளர்ந்த வேளையில் அவள் தன் நாட்குறிப்பை அவன் கையில் கொடுக்கிறாள். நூலின் நடுப்பகுதி முழுவதும் அந்நாட்குறிப்பே.

அதிலிருந்து நாம் அறிவது இது: அவள் பெயர் ஹெலன் ஹன்டிங்டன், கணவன் உயிரோடிருக்கிறான். 1821இல், பதினெட்டு வயதில், அழகும் நகைச்சுவையும் மிக்க ஆர்தர் ஹன்டிங்டனை அவள் விரும்பினாள். அவன் ஒழுக்கக் குறைகளை அவளை வளர்த்த அத்தை எடுத்துக்காட்டி எச்சரித்தாள். ஹெலன் அக்குறைகளை அறியாதவள் அல்லள். ஆனால் அவனைத் தீய நண்பரிடமிருந்தும் அவனிடமிருந்தே அவனையும் காப்பாற்றுவது தனக்கு அருளப்பட்ட பணி என்று அவள் நம்பினாள். பாவத்தை வெறுத்துப் பாவியை நேசிக்க முடியும் என்பது அவளுடைய வாதம்.

இவ்விடத்தில் ஆசிரியரின் இறையியல் கூர்மை வெளிப்படுகிறது. ஹெலனை மூடப்பெண்ணாக அவர் தீட்டவில்லை. அவளுடைய பிழை பக்தியிலிருந்தே முளைக்கிறது. விசுவாசியான மனைவியால் அவிசுவாசியான கணவன் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்று பவுலடியார் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில் கூறுவதைத் தன் ஆசைக்கு ஆதாரமாகக் கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர்! அதே அதிகாரத்தில், கணவனை இரட்சிப்பாய் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்னும் பொருள்படப் பவுல் வினவுவதையும், பிரிந்து போகிறவன் போகட்டும் என்று விடுவதையும் அவர்கள் கவனிப்பதில்லை. ஹெலன் தன்னைச் சாட்சியாக எண்ணுவதற்கு மாறாக மீட்பராக எண்ணிக்கொண்டாள். மீட்பரின் இடத்தில் மனைவியை வைக்கும் மணவாழ்வு எவ்வாறு இருவரையும் கெடுக்கிறது என்பதை நாட்குறிப்பின் பக்கங்கள் ஆண்டு ஆண்டாகக் காட்டுகின்றன. அவளுடைய திருத்தும் முயற்சி கணவனுக்குச் சலிப்பையே தருகிறது. அவளும் வரவரக் கசப்படைகிறாள். தன் உள்ளம் முன்பிருந்த தூய்மையை இழந்து தீமைக்குப் பழகி வருவதை அவளே வருத்தத்துடன் குறிக்கிறாள்.

3. விலகிச் செல்லத் தூண்டியது எது?

கணவன் தன் நண்பனின் மனைவியுடன் கொண்ட தகாத உறவை அறிந்தவுடன், குழந்தையையும் தன் சொத்தில் எஞ்சியதையும் கொண்டு வெளியேற அனுமதிக்குமாறு ஹெலன் கேட்கிறாள். அவன் மறுக்கிறான். இனிப் பெயரளவிலேயே நாம் கணவன் மனைவி என்று அவள் அறிவித்துவிடுகிறாள். ஆயினும் அவ்வீட்டை விட்டு ஓடிவிடவில்லை. தன் பொருட்டு மட்டுமாயின் எல்லாவற்றையும் சகித்திருப்பாள். சிறுவன் ஆர்தருக்குக் கணவனும் அவன் தோழரும் மது ஊட்டி, வசைச்சொல் பேசப் பழக்கி, தாயை அவமதிக்கக் கற்றுக்கொடுப்பதைக் கண்டபோதே அவள் உள்ளம் உறுதிகொள்கிறது. வீட்டைத் துறத்தல் இங்கே தாய்மையின் கடமையாக உருவெடுக்கிறது.

அன்றைய சட்டம் அவளுக்கு ஒரு துணையும் செய்யவில்லை. மணமான பெண்ணின் உடைமையும் உழைப்பின் ஊதியமும் கணவனுக்கே உரியவை. பிள்ளைகளின் மேல் முழு உரிமையும் தந்தைக்கே. இளம் பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தில் மனுச்செய்யும் உரிமை 1839இல்தான் வந்தது. நீதிமன்றத்தின் வாயிலாக மணவிலக்குப் பெறும் வழி 1857இலும், மணமான பெண் தன் ஊதியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1870இலும் ஏற்பட்டன. எனவே 1827இல் மகனுடன் வெளியேறும் ஹெலன் சட்டத்தின் முன் குற்றவாளியே. தன் தூரிகையால் ஈட்டும் பொருளும் சட்டப்படி அவளுடையது அன்று.

இச்சட்டம் நமக்குத் தொலைவான செய்தி அன்று. 1857ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் வழியில் இயற்றப்பட்டதே 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டம். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களும் அதற்கே உட்பட்டிருந்தன. மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதிய காரணமாயிருக்க, மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்னும் ஓரவஞ்சனை அதில் இருந்தது. 2001ஆம் ஆண்டின் திருத்தமே இருவரையும் சமநிலையில் நிறுத்தியது. ஹெலனின் துயரத்தை வேற்று நாட்டுக் கதை என்று நம் சபைகள் ஒதுக்கிவிட இயலாது.

4. வைல்டுஃபெல்: ஒதுக்கிடமும் உழைப்பிடமும்

பொதுவாகப் புதினங்களில் நாட்டுப்புறத் தனிமை என்பது காயமுற்ற உள்ளத்திற்கு இயற்கை தரும் மருந்தாகக் காட்டப்படும். ஆன் அவ்வாறு எளிமைப்படுத்தவில்லை. வைல்டுஃபெல் மேட்டுநிலத்தில் காற்று வீசும் இடத்தில் நிற்கும் இருண்ட கல்வீடு; தோட்டம் காடாகிக் கிடக்கிறது. ஆறுதல் தரும் காட்சிகள் அங்கு மிகுதியாக இல்லை. ஹெலனை நிமிரச் செய்வது அங்கு அவள் மேற்கொள்ளும் வேலையே.

திருமணத்திற்கு முன் ஓவியம் அவளுக்குப் பொழுதுபோக்கு. இப்போது அதுவே பிழைப்பு. தன் மகிழ்ச்சிக்காக வரைய எனக்கு வசதியில்லை என்ற கருத்தில் அவள் கில்பர்ட்டிடம் பேசுகிறாள். படங்களை இலண்டனுக்கு அனுப்பி விற்கிறாள். இருக்குமிடம் வெளிப்படாதபடி, வைல்டுஃபெல்லைப் பார்த்து வரைந்த படத்திற்கு வேறோர் ஊரின் பெயரை இடுகிறாள். கையெழுத்திலும் பொய் எழுத்துகளை இடுகிறாள். உண்மையை உயிராக மதிக்கும் ஒருத்தி பொய்ப்பெயரில் வாழவேண்டிய முரண்பாட்டை ஆசிரியர் மறைக்கவில்லை.

தூரிகை அவள் விடுதலையின் சின்னமாக நூல் முழுவதும் தொடர்கிறது. அவள் தப்பிச்செல்ல எண்ணியதை நாட்குறிப்பைப் பறித்துப் படித்து அறிந்த கணவன், முதலில் அவளுடைய ஓவியக் கருவிகளையே நெருப்பிலிடுகிறான். உழைத்துப் பிழைக்கும் ஆற்றலே அடிமைத்தனத்திற்கு எதிரி என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. காதலன் வேடத்தில் ‘பாதுகாப்பு’ அளிக்க வரும் ஹார்கிரேவ் என்பவன் வரம்பு மீறும்போது, வண்ணம் குழைக்கும் கத்தியைக் கையிலெடுத்தே அவள் தன்னைக் காத்துக்கொள்கிறாள். ஓர் ஆணின் ஆதிக்கத்திலிருந்து மற்றோர் ஆணின் தயவுக்கு மாறுவது விடுதலையன்று என்பதில் அவள் தெளிவாயிருக்கிறாள்.

இத்தனிமைக்கு ஒரு குறையும் உண்டு. மகனைத் தன் கண்ணைவிட்டு அகலவிடாது வளர்க்கிறாள். மதுவில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்து அவனுக்கு அதன்மேல் வெறுப்பை ஊட்டுகிறாள். சோதனையை எதிர்த்துப் போராடப் பழகாத பிள்ளை உறுதியற்றவனாவான் என்று கில்பர்ட் வாதிடும்போது, அப்படியாயின் பெண்பிள்ளைகளை மட்டும் ஏன் சோதனைக்கு மறைத்து வளர்க்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். அவ்வினாவிற்கு அவனிடம் தக்க விடை இல்லை. ஆயினும் அச்சத்தினால் நடத்தப்படும் வளர்ப்பு நிறைவானதன்று என்பதை வாசகர் உணர்கின்றனர். காயமுற்றோர் அடைக்கலத்தில் தங்கலாம். அடைக்கலத்தையே முழு உலகமாக்கிக்கொள்ள இயலாது.

5. இருவேறு ஆயர்கள்

இப்புதினத்தில் வரும் ஊர் ஆயர் மில்வார்டு ஊழியர்கள் தம்மை ஆராய்ந்து பார்ப்பதற்கு ஏற்ற கண்ணாடி. அவர் கெட்டவர் அல்லர். தம் கருத்தில் ஐயமே இல்லாதவர். உண்டியிலும் மால்ட் மதுவிலும் விருப்பமுடையவர். பிள்ளைக்கு மதுவை வெறுக்கக் கற்பிப்பது இறைவன் அளித்த நன்மையை அவமதிப்பதாகும் என்று தீர்ப்பளிக்கிறார். ஹெலனைப் பற்றி அவதூறு எழுந்தபோது, அவள் வீடு சென்று கண்டிக்கிறாரேயன்றி அவள் கதையைக் கேட்க முற்படவில்லை. ஆடு காணாமற்போனதற்குக் காரணம் என்ன என்று கேளாமல் ஆட்டையே அடிக்கும் மேய்ப்பன் அவர்.

ஆனின் தந்தையோ வேறு வகையினர். 1840ஆம் ஆண்டு நவம்பரில், அண்டைச் சபையின் உதவிக் குருவாயிருந்த ஒருவரின் மனைவி ஹாவொர்த் இல்லத்திற்கு வந்து, கணவனின் குடியையும் கொடுமையையும் பேட்ரிக் பிரான்ட்டேயிடம் முறையிட்டார். செல்வதற்கு இடமிருந்தால் கணவனை விட்டு நிலையாக விலகிச் செல்லுமாறு அவர் அறிவுரை கூறினார் என்பதைச் சார்லட் ஒரு கடிதத்தில் குறித்துள்ளார். 1847இல் அப்பெண் மீண்டும் ஹாவொர்த்திற்கு வந்தபோது, உடல்நலமும் மதிப்பும் பெற்றுத் தன் வாழ்வைத் திரும்பக் கட்டியிருந்தார். ஹெலனின் கதைக்கு இந்நிகழ்ச்சி எவ்வளவு உதவியது என்று அளந்து கூற இயலாவிடினும், அறிவுரை வேண்டி வரும் ஒரு பெண்ணிடம் ஓர் ஆயர் என்ன சொல்கிறார் என்பது அவள் வாழ்வையே நிர்ணயிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

6. திரும்பிச் செல்லுதலின் பொருள்

நூலின் மிகச் சிறந்த திருப்பம் இறுதிப் பகுதியில் உள்ளது. குதிரையிலிருந்து விழுந்த ஹன்டிங்டன் நோயுற்றுக் கிடக்கிறான் என்னும் செய்தி 1828இன் பிற்பகுதியில் வருகிறது. நண்பர் எவரும் அருகில் இல்லை. ஹெலன் யாரும் வற்புறுத்தாமலே திரும்பிச் சென்று அவனுக்குப் பணிவிடை செய்கிறாள்.

கற்புடைய மனைவி இறுதியில் கணவனின் காலடிக்கே திரும்பினாள் என்று இதனைச் சிலர் வாசிக்கக்கூடும். அவ்வாறு வாசிப்பது பெரும்பிழை. அவள் அறைக்குள் நுழைந்தவுடன் செய்யும் முதற்காரியங்களுள் ஒன்று, மகன் தன் பொறுப்பிலேயே இருப்பான் என்னும் உடன்படிக்கையில் அவன் கையெழுத்தைப் பெறுவதாகும். ரேச்சல் அதற்குச் சாட்சி. அத்தாள் கைக்கு வந்த பின்னரே தந்தை மகனைக் காண்கிறான். மன்னிப்பும் எச்சரிக்கையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதை இக்காட்சியைவிடத் தெளிவாகக் கூறும் இடம் அரிது. பழைய உறவுக்கு உட்படாமலே அவள் மன்னிக்கிறாள். விலகியிருந்த ஓராண்டே அவளுக்கு அந்த ஆற்றலை அளித்தது. அடிமையாக இருந்தவரையில் அவள் செய்த பணிவிடை கட்டாயத்தின் பாற்பட்டது. இப்போது செய்வது அவள் தானே மனமுவந்து அளிக்கும் கொடை.

கணவனுக்கு இது விளங்கவில்லை. மோட்சத்தில் தனக்கு உயர்ந்த இடம் தேடிக்கொள்ளவே இவள் இதைச் செய்கிறாள் என்று முதலில் ஏளனம் செய்கிறான். சாவு நெருங்கியபோது அச்சம் மேலிட்டு, உடன் வந்து தனக்காகப் பரிந்துபேசுமாறு அவள் கையைப் பற்றிக் கெஞ்சுகிறான். ஒருவனும் தன் சகோதரனை மீட்கக்கூடாது என்னும் 49ஆம் சங்கீதத்தின் உண்மையை அவள் நினைவூட்டி, கிறிஸ்துவின் மீட்பையே சுட்டுகிறாள். பதினெட்டு வயதில் தானே மீட்பராக முனைந்தவள், இப்போது அவ்விடத்தை அவன் வலியத் தரும்போதும் மறுத்துவிடுகிறாள். அவள் வாழ்வு மீண்டும் கட்டப்பட்டது என்பதற்கு வைல்டுஃபெல்லின் ஓவியங்களைவிட இம்மறுப்பே பெரிய அடையாளம்.

7. நித்தியம் என்னும் சொல்

ஹன்டிங்டன் தெளிவான மனந்திரும்புதல் இன்றியே இறக்கிறான். அவன் முடிவைக் குறித்து ஆசிரியர் என்ன கூறுகிறார்? திருமணத்திற்கு முன் அத்தையுடன் நடந்த உரையாடலில், எல்லா மனிதரும் இறுதியில் மீட்படைவர் என்னும் நம்பிக்கைக்கு ஆதரவாகத் திருமறையில் ஏறத்தாழ முப்பது பகுதிகளைக் கண்டதாக ஹெலன் கூறுகிறாள். நம் தமிழ்த் திருமறையில் ‘நித்திய’ என்று வரும் சொல், மூலமொழியில் நெடிய காலங்களையே குறிக்கும் என்பது அவள் கேள்விப்பட்டது. அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல் மீட்படைவதைப் பற்றிய 1 கொரிந்தியர் 3:15, எல்லாரும் மீட்படைய வேண்டும் என்னும் இறைவனின் சித்தத்தைப் பற்றிய 1 தீமோத்தேயு 2:4 ஆகியவை அவள் ஆதாரங்களுள் அடங்கும்.

இது கதைமாந்தரின் கருத்து மட்டுமன்று. 1837இல் பள்ளியில் கடும் நோயுற்றிருந்தபோது, மொராவியச் சபையின் ஊழியரான ஜேம்ஸ் லா ட்ரோப் ஆனைச் சந்தித்து ஆறுதல் கூறினார். 1848 டிசம்பர் இறுதியில் லிவர்பூலில் இருந்த டேவிட் தாம் என்னும் போதகருக்கு எழுதிய கடிதத்தில், இந்நம்பிக்கையை இளமை முதலே பேணி வந்ததாக ஆன் தெரிவித்தார்.

இக்கோட்பாட்டை ஏற்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு; இருக்கவும் வேண்டும். அது பாவத்தை அற்பமாக்கிவிடும் என்னும் தடை வலிமையானதே. ஹெலனின் அத்தையும் அதைத்தான் கூறினாள். ஆயினும் கதை அத்தடைக்கு ஒருவாறு விடை தருகிறது. ஹன்டிங்டனின் பாவம் எவ்வகையிலும் சிறுமைப்படுத்தப்படவில்லை. அவன் சாவு அச்சத்தின் உச்சமாகவே தீட்டப்பட்டுள்ளது. அவனை மீட்கும் பொறுப்பு தன்னுடையதன்று என்று ஹெலன் கைவிட்டது இறைவனின் கைகளில். அந்தக் கைகள் தளராதவை என்னும் நம்பிக்கை இருந்தமையாலேயே அவளால் குற்றவுணர்வின்றிக் கைவிட முடிந்தது.

8. நூலின் குறைகள்

குறைகளையும் கூறுதல் முறை. ஹெலனின் நாட்குறிப்பு, கில்பர்ட் தன் நண்பனுக்கு எழுதும் நீண்ட கடிதத்தின் உள்ளே அடைக்கப்பட்டுள்ளது. ஒரு பெண்ணின் அந்தரங்கத் துயரம் ஆடவர் இருவரின் கடிதப் பொருளாகிவிட்டது சிலருக்கு உறுத்தலாம். கில்பர்ட்டும் ஹெலனுக்கு முற்றிலும் ஈடானவன் என்று சொல்ல முடியாது. பொறாமையினால் அவன் ஹெலனின் சகோதரனையே, சகோதரன் என்று அறியாமல், சாட்டையின் கைப்பிடியால் அடித்து வீழ்த்துகிறான். முதற்கணவனின் முரட்டுத்தனத்தின் சாயல் இவனிடமும் இருப்பதை ஆசிரியர் உணர்ந்தே காட்டினாரா என்பது ஆய்வுக்குரியது.

வைல்டுஃபெல் ஹெலனின் சகோதரனுடைய சொத்து என்பதையும் மறத்தலாகாது. உடன் ஓடிவர ரேச்சல் இருந்தாள். விற்கத்தக்க கலை கையில் இருந்தது. இறுதியில் மாமனின் சொத்தும் வந்து சேர்கிறது. சகோதரனின் வீடும் கைத்தொழிலும் அற்ற பெண் எங்கே செல்வாள்? புதினம் இவ்வினாவைத் தொடவில்லை. அதைத் திருச்சபைதான் தொட வேண்டும்.

முடிவுரை

இப்புதினம் மணவாழ்வை இகழும் நூலன்று. குடியனான ஹாட்டர்ஸ்லி என்பவன், மனைவி ஹெலனுக்கு எழுதிய கடிதங்களைப் படித்து வெட்கி மனந்திரும்புவதையும், அந்த இல்லறம் தழைப்பதையும் இதே நூல் மகிழ்ச்சியுடன் கூறுகிறது. மனந்திரும்புதல் நிகழ்கின்ற இடத்தில் உறவு புதுப்பிக்கப்படும். நிகழாத இடத்தில், பாதிக்கப்பட்டவளின் பொறுமையை அதற்கு ஈடாக வைக்கலாகாது என்பதே ஆசிரியர் கற்பிக்கும் பாடம்.

மண ஆயத்த வகுப்புகளில், உன் அன்பினால் அவனைத் திருத்திவிடுவாய் என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் ஆயர்கள் இந்நூலை நினைவுகூர்வார்களாக. அடிபட்ட முகத்தோடு ஒரு பெண் ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டும்போது, முதலில் அவள் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். அடுத்து, அன்றிரவு அவளும் அவள் பிள்ளைகளும் தங்க ஓர் இடம் தேட வேண்டும். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்கு அதன் பின்னர் காலம் உண்டு.